ஈ உட்காராத ஊதா

எங்கள் பக்கத்தில் நீலம் என்றால் வேட்டியை அலசும்போது தண்ணீரில் போடுகிற பொடி. நிறத்தைச் சொல்லும்போது எல்லாமே ஊதாதான். வானம் ஊதா, கத்திரிக்காய் ஊதா, அடிபட்டுக் கன்றிய முழங்காலும் ஊதா. அதனால் நான் சொல்லவந்த நிறத்துக்குத் தனியாக ஒரு பேர் என்னிடம் இல்லை. விளக்கு வைத்த பிறகு மேற்கே கொஞ்ச நேரம் ஒரு ஊதா நிற்குமே, வெளுப்பும் கறுப்பும் இல்லாமல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டில் போய்விடுமே, அந்த ஊதா. அதை என் வீட்டுச் சுவரில் கொண்டுவர ஒரு வைகாசி மாதம் முழுக்க உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் அலைந்தேன். எல்லாம் ஈயால் வந்த அலைச்சல்.

பாகூர் ஏரிக்குக் கீழே, வாய்க்கால் ஓரமாக எங்கள் தெரு. வீடு என்று நான் சொல்வது ஒரே அறை. மூன்று பக்கம் மண்சுவர், மேலே பனையோலை. பின்பக்கம் மட்டும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். அது பண்ணையாருடைய மாட்டுக்கொட்டகைச் சுவர். அப்பா இளவயசில் இருந்தபோது, அந்தச் சுவரில் சாய்த்துக் கூரையை இறக்கிக்கொள்ளப் பண்ணையில் சொல்லியிருந்தார்கள். ஒரு சுவர் கட்டுகிற வேலை மிச்சம் என்று அப்பாவுக்கு அப்போது சந்தோஷம். சுவருக்கு அந்தப் பக்கம் மாடுகள். மாடுகளை ஒட்டிக் குப்பைக்குழி. மாம்பழமும் நுங்கும் வருகிற நாளில் எங்கள் சோற்றில் கறுப்பாக ஏதாவது கிடந்தால், கடுகா ஈயா என்று பார்த்துத்தான் வாயில் வைப்போம்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருஷம், வைகாசியில், எங்கள் தலைப்பிள்ளை போய்விட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயசு. வாந்தியில் ஆரம்பித்துப் பேதியில் கொண்டுபோய் விட்டது. கைகால் சில்லிட்டுப்போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வழியிலேயே முடிந்துவிட்டது. படுத்திருந்த நேரமெல்லாம் என் பெண்சாதி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தாள். வாயோரத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டினால் அது கண்ணோரத்துக்குப் போகும். கண்ணோரத்தில் ஓட்டினால் மறுபடி வாய்க்கு வரும். எனக்கு அம்மா இல்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. நான் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தண்ணீர் முறை வைத்து வரும். முறையை விட்டால் பயிர் போய்விடும்.

அப்போதே அவள் வயிற்றில் அடுத்தது இருந்திருக்கிறது, அவளுக்கே தெரியாது. பிரசவத்துக்குக் குருவிநத்தத்தில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போனாள். தை மாதம் பெண் பிறந்தது. பிள்ளை பெற்றவளை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவது எங்கள் வழக்கம். ஒற்றைப்படை மாதமாக இருக்க வேண்டும். மூன்றாம் மாதம் பங்குனியில் வந்தது. அவள் வரவில்லை. உடம்பு தேறட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் மாதம் வைகாசி. மறுபடி அதே வைகாசி.

மாதம் பிறந்ததும் அவள் அண்ணன், என் மச்சான், வந்தார். கருங்காலிக் கட்டை மாதிரி ஆள். பேச்சில் மட்டும் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். அன்றைக்கு அது இல்லை.

"மாப்ள, தங்கச்சி வரலன்னுட்டா."

"ஏன் மச்சான்? வண்டி வேணும்னா நா கேட்டு அனுப்பறன்."

"வண்டி இன்னா வண்டி, எங்கிட்ட இல்லாத வண்டியா? ஈ மொய்க்கிற வூட்டுக்குக் கொழந்தய தூக்கினு வரமாட்டாளாம்."

"ஈ இல்லாத வூடு எங்க கீது மச்சான்? ஒங்க வூட்டுல இல்லயா?"

"கீது. இதத்தான் நானும் கேட்டன். எங்க வூட்டு ஈ வேறயாம், ஒங்க வூட்டு ஈ வேறயாம். இதுக்கு மேல அவகிட்ட இன்னா பேசறது, சொல்லு."

போகும்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "அஞ்சு தாண்டினா ஏழுன்னு சொல்லலாம். ஏழும் தாண்டினா ஊரு நம்மள கேக்காம அதுவே சொல்லிக்கும், தெரியுமில்ல."

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. களை வெட்டப் போனால் மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடப்பேன். வீட்டுக்கு வந்தால் என்ன செய்ய வந்தோம் என்று தெரியாமல் நிற்பேன். மகளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அப்போது அது தூங்கிக்கொண்டிருந்தது, கண் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. வேப்பிலையைப் போட்டுப் புகை மூட்டினேன். புகை இருக்கிற மட்டும் ஈயும் இல்லை, நாங்களும் இல்லை, எல்லாரும் வெளியே. புகை அடங்கியதும் எங்களுக்கு முன்னால் ஈ உள்ளே போய்விடும். பண்ணையில் கணக்குப் பார்க்கிறவரிடம் போய், குப்பைக்குழியைக் கொஞ்சம் தள்ளி வெட்டினால் நானே வெட்டித் தருகிறேன் என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "குழி அங்கயேதான் இருக்கும். நீ ஒன் வூட்ட நவுத்திக்கோ" என்றார்.

தெருமுனையில் ஒரு அம்மா இருந்தாள். எனக்குச் சின்னம்மா முறை. புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார வீட்டுச் சமையற்கட்டில், அங்கே அதைக் குசினி என்பார்கள், ரொம்ப வருஷம் வேலை செய்தவள். கொடி இறங்கியதும் அந்தத் துரையும் மதாமும் கப்பல் ஏறிவிட்டார்கள். இவள் ஒரு பீங்கான் தட்டோடு ஊர் வந்து சேர்ந்தாள். அந்தத் தட்டில்தான் கேழ்வரகுக் களி சாப்பிடுவாள். நான் அவள் வாசல் வழியாக எத்தனையாவது தடவையோ போய்க்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"டேய், பேய் புடிச்சவனாட்டம் ஏன்டா சுத்தினு கீற?"

"ஈ சின்னம்மா."

"ஈயா? ஈ பறந்தா போதாதா, நீ வேற ஏன்டா பறக்கற?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பீங்கான் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "மதாம் குசினியில செவுரு பூரா ஊதா, தெரியுமா ஒனக்கு? கீழ இருந்து மேல வரைக்கும். மீன் அறுத்துனு இருப்பன், செவுத்துல ஒரு ஈ ஒக்காந்து நா பாத்ததில்ல" என்றாள்.

"ஏன்?"

"நானும் இதான் கேட்டன். ஈக்கு அது ஆகாசமா தெரியுமாம். ஆகாசத்துல எங்க போயி ஒக்காரும்னுச்சி மதாம்."

எனக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. இன்றைக்கு யோசித்தால் பாதி நம்பிக்கை, பாதி வேறு வழி இல்லாதது. அன்றைக்கு முழுசாக நம்பினேன். எந்த ஊதா, எந்த ஊதா என்று அவளைப் பிடுங்கினேன். மேலே பார்த்தாள், வானம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது, அது இல்லை என்றாள். சேலை ஓரத்தைப் பார்த்தாள், அதுவும் இல்லை. கடைசியில் வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூவில் ஒன்றைப் பறித்து என் கையில் வைத்தாள். "இதான்னு வெச்சிக்கோ. இதுல ஒரு சொட்டு பாலு ஊத்துனா எப்பிடி இருக்கும், அது. வெளுத்துப் போச்சின்னா ஈ ஏமாறாது, சொல்லிட்டன்."

மறுநாள் விடியும்போது புதுச்சேரிக்குப் போகிற வைக்கோல் வண்டியில் ஏறிக்கொண்டேன். அந்த வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகூர் நிலம் கந்தல் துணி மாதிரி. கொஞ்சம் பிரெஞ்சுக்காரன் ஊர், கொஞ்சம் இந்தியா, மறுபடி பிரெஞ்சு. முன்னெல்லாம் புதுச்சேரி போய்ச் சேருவதற்குள் எங்கெங்கோ நிறுத்துவார்கள். சுங்கச் சாவடிக்காரன் இரும்புக் கம்பியால் வைக்கோலுக்குள் குத்திப் பார்ப்பான், ஏதாவது ஒளித்துக் கொண்டுபோகிறோமா என்று. வண்டிக்குள் படுத்திருக்கிறவன் முன்னாலேயே சத்தம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடையில் வாங்கிக்கொள்வான். அந்த வருஷம் சாவடி எல்லாம் காலி. ஒருவரும் குத்தவில்லை. வண்டி நிற்காமல் போனது. அப்படியும் எனக்கு மெதுவாகப் போவது போலவே இருந்தது. இறங்கி மாட்டுக்கு முன்னால் நடந்தேன். வண்டிக்காரர், "நீ இழுக்கறதா இருந்தா சொல்லு, மாட்ட அவுத்துடறன்" என்றார்.

பெரிய கடைத்தெருவில் ஒரு கடையில் போய் நின்றேன்.

"இன்னா வேணும்?"

"ஊதா."

"ஊதான்னா? மையா, நூலா, துணியா?"

"செவுத்துக்கு."

"டப்பாவுல கீது, எண்ணெய் பெயிண்ட்டு. கதவு சன்னலுக்கு அடிக்கறது. ஒங்க வூட்டு செவுரு இன்னா செவுரு?"

"மூணு மண்ணு, ஒண்ணு கல்லு."

"அப்ப சுண்ணாம்புதான். துணிக்குப் போடற நீலத்த கொஞ்சம் கலந்து அடி."

"கொஞ்சம் போதாது. இந்த நெறத்துக்கு வரணும்" என்று மடியிலிருந்து சங்குப்பூவை எடுத்துக் காட்டினேன். அது வழியிலேயே வதங்கிச் சுருண்டு, கசக்கிய வெற்றிலை மாதிரி ஆகியிருந்தது. கடைக்காரர் அதையும் என்னையும் பார்த்தார்.

"இது இன்னாய்யா, கருவாடா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வாயால் விளக்கினேன். நான் கேட்ட அளவுக்கு அவர் நீலப் பொட்டலங்களை எடுத்து வைக்க வைக்க, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஊரே வேட்டி தொவைக்கப் போவுதா?"

"இல்ல, வூட்ட தொவைக்கப் போறன்."

இப்போது எனக்காகச் சிரித்தார்கள். அந்த மாதத்தில் நான் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, நீலத்தைக் கலக்கினேன். பானைக்குள் பார்த்தால் சங்குப்பூ தோற்றது. நுனி நசுக்கிய பனைமட்டையைத் தோய்த்து அறை முழுக்க அடித்தேன். ஈரத்தில் அப்படி ஒரு நிறம். காய்ந்த பிறகு நிறம் இருந்த இடமே தெரியவில்லை. சுண்ணாம்பின் குணம் அது. ஈரமாக இருக்கும்போது ஒன்றைக் காட்டும், காய்ந்த பிறகு வேறொன்றைக் கொடுக்கும். காலையில் கதவைத் திறந்து பார்த்தால் சுவரெல்லாம் வெளிறிப்போய், தண்ணீரில் ஊறிய மாதிரி, ஒரு நோஞ்சான் ஊதா.

அப்பா எனக்குப் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். நான் ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்கு இதில் இஷ்டமில்லை. வீட்டுக்கு வெள்ளை அடிப்பான், காவி அடிப்பான், எவனாவது சனி நிறத்தை அடிப்பானா என்று முனகிக்கொண்டே இருந்தார்.

"இன்னாடா இது, செத்தவன் நகமாட்டம் கீது" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டிருக்கிறது. பேரனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கூட ஓடிவந்தவர் அவர். அந்தச் சின்ன விரல்களை மடக்கி மடக்கி ஊதிக்கொண்டே வந்தவர் அவர். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அந்த நிறமேதான். அதற்குப் பிறகு அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை. அவள் வந்து இதைப் பார்க்கவே கூடாது என்று இருந்தது.

மிச்சமிருந்த நீலம் முழுக்கப் பானையில் கொட்டினேன். சுண்ணாம்பு பேருக்கு ஒரு கை. குழம்பு மாதிரி இருந்தது. சாப்பிடக்கூடப் போகாமல் அடித்தேன். இந்தத் தடவை காய்ந்த பிறகும் நிறம் நின்றது. சின்னம்மா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மதாமே பாத்தா ஒக்காந்து மீன் அறுப்பாடா" என்றாள். நானும் நிம்மதியாக ஒரு பீடி பற்றவைத்தேன்.

அது பாதி பீடிக்குக்கூடத் தாங்காத நிம்மதி. அப்பா டீக்கடைக்குப் போனவர் சண்டை போட்டுக்கொண்டே திரும்பி வந்தார். வெயில் நாளில் அவர் மேலுக்கு ஒன்றும் போட மாட்டார். வெறும் முதுகைச் சுவரில் சாய்த்துத்தான் வெற்றிலை போடுவார். அன்றைக்கும் அப்படிச் சாய்ந்துவிட்டு அப்படியே எழுந்து போயிருக்கிறார். முதுகு பூரா ஊதா. டீக்கடையில் ஒருத்தன், "பெருசு, இன்னா கூத்துல கிருஷ்ணர் வேஷமா?" என்று கேட்க, இன்னொருத்தன், "பாதிதான் கிருஷ்ணரு, மீதி இன்னும் காயல" என்றிருக்கிறான். அதோடு விடவில்லை. "வூட்டுக்குள்ள மாதா கலரு அடிச்சிட்டானாமே ஒன் மவன், எப்ப ஞானஸ்நானம்?" என்றும் கேட்டிருக்கிறார்கள்.

"டேய், ஒன் ஈக்காவ என்ன ஊரே பாத்து சிரிக்குதுடா!" என்று அப்பா வாசலில் நின்று கத்தினார். முதுகைத் தேய்த்துவிடுகிறேன் என்று தண்ணீரோடு போனேன். என் கையும் ஊதாவானது.

சிரிப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்றுதான் அரித்தது. விரலை வைத்தால் விரலோடு வருகிறது. தவழப்போகிற குழந்தை சுவரைத் தொடும், கையை வாயில் வைக்கும். ஈ வாயில் போகாமல் இருக்க நான் செய்தது, தானே அதன் வாயில் போகும். இதை எப்படியாவது ஒட்டவைக்க வேண்டும். சுண்ணாம்பைக் கூட்டினால் ஒட்டும், ஆனால் மறுபடி அந்த நகத்தின் நிறம் வந்துவிடும்.

ஒரு காலத்தில் சத்திரம் பழுதுபார்த்தபோது நான் சாந்து சுமந்திருக்கிறேன். கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றுவார்கள். இரும்பு மாதிரி நிற்கும், சம்மட்டியால் அடித்தாலும் விடாது. அது ஞாபகத்துக்கு வந்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. கடுக்காய் தேடப் பொறுமையில்லை. கரும்புப்பாகு காய்ச்சுகிற கொட்டகைக்குப் போய், விற்க முடியாத அழுக்கு வெல்லம் ஒரு சட்டி வாங்கிவந்து கரைத்து, பானையில் மிச்சமிருந்த குழம்பில் ஊற்றி, பின்பக்கத்துச் சுவருக்கு மட்டும் ஒரு கை அடித்தேன். அந்தச் சுவரோரமாகத்தான் தூளி கட்டுவது. மற்ற மூன்றுக்கும் குழம்பு போதவில்லை.

சாயங்காலம் காய்ந்தது. விரலை வைத்தேன், ஒட்டவில்லை. உள்ளங்கையால் தேய்த்தேன், ஒட்டவில்லை. அந்த நிறத்தைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. வெல்லத்தால் லேசாக ஒரு மினுமினுப்பு வேறு. குருவிநத்தம் பக்கம் போகிற ஆள் ஒருவர் தெருவில் போனார். ஓடிப்போய், "எம் பொண்டாட்டிகிட்ட சொல்லு, வந்து பாக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் வெயில் ஏறியது. ஏற ஏற வெல்லம் இளகியது. முதலில் எறும்புதான் வந்தது, கூரையிலிருந்து ஒரு கோடாக. பிறகு ஈ. ஒன்று, இரண்டு என்று வந்தால் ஓட்டலாம். மாட்டுக்கொட்டகை ஈ முழுக்க என் சுவருக்கு வந்துவிட்டது. அந்தச் சுவர் ஊதா என்பதே தெரியவில்லை, கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போனால் 'ம்ம்' என்று ஒரு சத்தம். துண்டால் அடித்தேன். எழுந்தது, அறையை ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடி அதே இடம். தண்ணீரை வாரி அடித்தேன். வெல்லம் கரைந்து வழிந்து தரையிலும் ஈ. எங்கேயாவது ஓடிவிடலாமா என்று வாசலுக்கு வந்தேன்.

வாசலில் மாட்டுவண்டி நின்றிருந்தது.

மச்சான் ஓட்டுகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தார், மாட்டை அவிழ்க்கவில்லை. "நல்ல நாளு எதுவும் பாக்கல மாப்ள. சும்மா பாத்துட்டு வரலாம்னா. அதான் மாட்ட அவுக்கல" என்றார். அவள் குழந்தையை மார்போடு மூடிக்கொண்டு இறங்கினாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையின் நிறத்தைப் பார்த்தாள், நேரே உள்ளே போனாள்.

நான் பின்னாலேயே போனேன். மச்சானும் இறங்கி வந்து தலையை நீட்டினார்.

"மாப்ள, ஈ வரக்கூடாதுன்னு அடிச்சியா, ஈ வரணும்னு அடிச்சியா?"

அவள் சிரிக்கவில்லை. சுவர்கிட்டே போனாள். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"வெல்லமாய்யா இது?"

"ஆமா."

"வெல்லத்த தடவி ஈய வெரட்டறவன இப்பத்தான் பாக்கறன்."

சொன்னேன். மதாம் குசினியிலிருந்து அப்பா முதுகு வரைக்கும், குழந்தை கையை வாயில் வைக்கும் என்று பயந்தது வரைக்கும், நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு மற்ற மூன்று சுவரையும் பார்த்தாள். ஒரு மூலையில் மேல்பூச்சு உதிர்ந்து அடியிலிருந்த வெளிர் நிறம் தெரிந்தது. "இதே நல்லாதான கீது. இத்தோட வுட்டிருக்கலாமே. ஏன் இம்மாம் கருக்க அடிச்ச?"

நான் குனிந்து உதிர்ந்த பூச்சை ஒதுக்கினேன். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூடியிருந்த துணியை விலக்கிக் குழந்தையின் கையை எடுத்து, விரல்களை விரித்துப் பார்த்து, மறுபடி மூடினாள். அந்த மூலையைப் பற்றி அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. அன்றைக்கும் இல்லை, பிறகு எந்தக் காலத்திலும் இல்லை.

"அண்ணே, இவள புடி" என்று குழந்தையை மச்சானிடம் கொடுத்தாள். "வண்டியில ஒக்காரு. உள்ள கொண்டாராத." சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "சுடுதண்ணி வைய்யா. தேங்கா நாரு கீதா?"

அடுப்பை மூட்டினேன். அவள் நாரால் மேலிருந்து தேய்க்க, நான் தண்ணீர் ஊற்றினேன். பிறகு நான் தேய்க்க, அவள் ஊற்றினாள். பழுப்பும் ஊதாவுமாக வழிந்தது. ஈ எங்கள் முகத்திலும் கழுத்திலும் உட்கார்ந்தது. ஓட்டக் கை இல்லை. வண்டியில் குழந்தை அழ ஆரம்பித்தது. மச்சான் அதட்டுகிற பாட்டும் கொஞ்சுகிற பாட்டும் கலந்து ஏதோ பாடினார். அழுத அந்தக் குழந்தைக்கு இப்போது முழங்கால் வலி, படியேறும்போதெல்லாம் என்னைத்தான் திட்டுகிறாள், நான் மட்டும் இன்னும் நோவில்லாமல் ஏறுகிறேனாம்.

"தங்கச்சி, வெயிலு ஏறுது. கெளம்பலாமா?"

"இருணா."

தேய்த்துக்கொண்டே அவள் பேசினாள், சுவரைப் பார்த்தபடி. "தூக்கத்துல எங் கை விசிறினே கீதாம். அம்மா சொல்றாங்க. கைய புடிச்சி வெச்சா அடுத்த கை விசிறுதாம்."

நான் தண்ணீரை ஊற்றினேன்.

"அங்கயும் ஈதான். அங்க ஈ ஒக்காந்தா அம்மா ஓட்டுவாங்க, இல்லன்னா அண்ணி ஓட்டுவாங்க. நா கொஞ்சம் கண்ண மூடலாம். இங்க நா ஒருத்தி."

முறைத் தண்ணீரை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல முடியாது, அதுதான் சோறு. "மத்தியானத்துல நா வந்துட்டுப் போறன். வரப்புல இருந்து கூப்புடு தூரந்தான்" என்றேன். "அப்பாவும் இருக்காரு. அவருக்கு விசிற வரும்."

வாசலிலிருந்து அப்பா, "வரும், வரும்" என்றார்.

அவள் நாரைப் பிழிந்தாள். "மாமா, மொதல்ல மேலுக்கு ஒரு துண்ட போட்டுனு சாயுங்க. முதுகு இன்னும் ஊதாவாத்தான் கீது" என்றாள். அவர் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி! மாடு நிக்கல, இழுத்துனு போவுது. கெளம்பலாமா வேணாமா, ஒண்ணு சொல்லு."

"இரேன்ணா. இந்தப் பக்கம் ஆவட்டும்."

அந்தப் பக்கமும் ஆனது. சுவர் ஈரமாக நின்றது. வெல்லம் போய்விட்டது. நிறம் முழுசாகப் போகவில்லை, செங்கல் சுவருக்குள் இறங்கிய மட்டும் இறங்கி, அங்கங்கே அடர்ந்தும் அங்கங்கே கலைந்தும் இருந்தது. மட்டையால் அடித்தால் அப்படி வராது. அவள் உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்துப் பார்த்தாள். தண்ணீர்தான் ஒட்டியிருந்தது. ஈ முழுக்க இப்போது தரையில், வழிந்த தண்ணீரில் மொய்த்தது.

"தூளி இந்தப் பக்கம் வேணாம்" என்றாள். "கதவுக்கு நேரா கட்டு. காத்து வரும், நீ வரப்புல வந்தாலும் எனக்குத் தெரியும்."

நான் உத்தரத்தைப் பார்த்து இடம் தேடினேன்.

"அத அப்பறம் பாரு. இந்தத் தண்ணிய வாரி வாளியில ஊத்தி, தூரமா கொண்டுபோயி கொட்டு. வாசல்ல கொட்டிடாத." பிறகு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, மாட்ட அவுத்துத் தண்ணி காட்டு. ஒருவாயி சாப்ட்டுட்டு நீ கெளம்பு. நாளைக்கு இவளோட துணிமணிய அம்மாகிட்ட வாங்கியாந்து குடுத்துட்டுப் போ."

மச்சான், "நல்ல நாளு பாக்கலியே" என்றார்.

"எனக்குக் கை வலிக்குதுணா. இன்னொரு தடவ வண்டி ஏற முடியாது."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாய்க்காலைத் தாண்டி, ஆவாரம் புதர்களைத் தாண்டி, யார் வீடும் இல்லாத இடம் வரைக்கும் போனேன். ஈ பாதி வழி கூடவே வந்தது. கொட்டிவிட்டுத் திரும்பினபோது, தூரத்தில் மச்சான் ஒரு கையில் குழந்தையை இடுக்கிக்கொண்டு மறு கையால் நுகத்தடியை இறக்கிக்கொண்டிருந்தார்.